அளவுகோலைப் பூட்டி வைக்காதீர்கள்

டி.ஓ.ஐ. என்ற வேதிப்பொருளை, மிகக் கடுமையான கட்டுப்பாடுகள் கொண்ட முதல் அட்டவணையில் சேர்த்தே தீருவது என்று அமெரிக்காவின் போதைப்பொருள் அதிகாரிகள் பிடித்த பிடியை விடாமல் நிற்கிறார்கள். 2022இல் இதே முன்மொழிவைக் கொண்டுவந்தார்கள். ஆய்வாளர்கள் கொதித்தெழுந்ததும் சில மாதங்களில் திரும்பப் பெற்றார்கள். 2023 டிசம்பரில் அதையே தூசு தட்டி மறுபடி வெளியிட்டார்கள். 2024 நவம்பரில் விசாரணை நடந்தது. விஞ்ஞானிகள் வந்து சாட்சி சொன்னார்கள். சொன்னதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்காகத்தான் முடிந்திருக்கிறது.

அதே முன்மொழிவில் கூடவே வரும் டி.ஓ.சி. என்ற இன்னொரு பொருளைப் பற்றி நாம் வாதாடப் போவதில்லை. அது 2020இலேயே ஐ.நா. ஒப்பந்தப் பட்டியலில் ஏறிவிட்டது. அதில் கையெழுத்திட்ட நாடு அதன்படி நடக்கத்தான் வேண்டும். டி.ஓ.ஐ. விஷயத்தில் அப்படி ஒரு நிர்ப்பந்தமும் இல்லை. அது மனமயக்கம் தரும் பொருள் என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் ஒரு முறை உட்கொண்டால் முக்கால் நாளுக்கு மேல் விடாத பொருளைத் தேடிப் போகிறவர்கள் மிகக் குறைவு. தெருவில் அது கிடைப்பதே அரிது. அது நிறைந்திருக்கும் இடம் ஆய்வுக்கூடம்.

ஏன் அங்கே என்பதுதான் இந்த விவகாரத்தின் உயிர்நாடி. அதைப் போலவே மனமயக்கம் தரும் எல்.எஸ்.டி.யோ சைலோசைபினோ உட்கொண்டவர்கள், ‘நான்’ என்ற எல்லை கரைந்து போனதாகவும், காலம் நின்றுவிட்டதாகவும், உலகமும் தானும் வேறல்ல என்று தோன்றியதாகவும் சொல்கிறார்கள். 2006இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோலண்ட் கிரிஃபித்ஸ் குழு நடத்திய ஆய்வில் பங்கேற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர், வாழ்க்கையிலேயே மிகப் பொருள் நிறைந்த ஐந்து அனுபவங்களில் ஒன்றாக அதைக் குறிப்பிட்டார்கள். இதை வெறும் போதை என்று ஒதுக்கிவிட முடியாது. அதேபோல, கடவுளைக் கண்டதற்குச் சான்று என்று கொண்டாடிவிடவும் முடியாது. மூளைக்குள் என்ன நடந்தது என்று பார்த்துத்தான் பேச வேண்டும்.

பார்த்தவர்களுக்கு வியப்புகள் காத்திருந்தன. 1998இல் சூரிச்சில் ஃபிரான்ஸ் ஃபோலன்வைடர் குழு, கெட்டான்செரின் என்ற மருந்தை முன்கூட்டியே கொடுத்துவிட்டு சைலோசைபினைக் கொடுத்தது. மயக்கக் காட்சிகள் வரவில்லை. நரம்பணுக்களில் உள்ள செரட்டோனின் 2ஏ என்ற ஓர் ஏற்பியை அடைத்ததும் அந்த அனுபவத்தின் வாசலே மூடிக்கொண்டது. 2012இல் லண்டனைச் சேர்ந்த ராபின் கார்ஹார்ட்-ஹாரிஸ் குழு சைலோசைபின் கொடுத்து எடுத்த மூளைப் படங்களில், எல்லோரும் எதிர்பார்த்ததற்கு மாறாக, மூளையின் முக்கிய இணைப்பு மையங்களில் ரத்த ஓட்டம் குறைந்திருந்தது. அந்தக் குறைவு கூடுதலாக இருந்தவர்களிடம் அனுபவமும் தீவிரமாக இருந்தது. ஆல்டஸ் ஹக்ஸ்லி 1954இலேயே, மூளை பிரக்ஞையைக் குறுக்கித் தரும் ஒரு வால்வு என்று எழுதியிருந்தார். அவர் சொன்னது மெய்யாகிவிட்டது என்று துள்ளுகிறவர்கள் உண்டு. நமக்கு அந்த அவசரம் இல்லை. ரத்த ஓட்டம் குறைந்தது என்பதிலிருந்து பிரக்ஞை மூளைக்கு வெளியே இருக்கிறது என்ற முடிவுக்குத் தாவ முடியாது. இடையே நரம்பணுக்களின் அளவில் தெரிந்துகொள்ள வேண்டியது மலையளவு கிடக்கிறது.

அந்த வேலையைச் செய்து தருவது, அதே 2ஏ ஏற்பியைத் தூண்டும் டி.ஓ.ஐ. சிறு கண்ணாடிக் கூண்டில் இருக்கும் எலிக்கு அதைச் செலுத்தினால், சில நிமிடங்களில் அது தலையை வெடுக்கென்று இரு பக்கமும் உதறத் தொடங்கும். கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும் உதறல் அது. எண்ணிக்கை தவறாமலிருக்க, எலியின் தலையில் சிறு காந்தத்தைப் பொருத்திக் கம்பிச்சுருளால் பதிவு செய்கிறார்கள். 2ஏ ஏற்பி இல்லாதபடி உருவாக்கிய எலி தலையை உதறுவதில்லை. அதே ஏற்பியில் போய் ஒட்டும் லிசுரைடு என்ற மருந்தைக் கொடுத்தாலும் எலி உதறுவதில்லை. மனிதருக்கும் அது மயக்கக் காட்சி தருவதில்லை. ஒரே பூட்டில் நுழையும் இரண்டு சாவிகளில் ஒன்று மட்டும் பிரக்ஞையை மாற்றுகிறது. ஏன்? 2007இல் கொன்சாலெஸ்-மேசோ குழு இந்தக் கேள்வியைத் துருவியபோது கையில் வைத்திருந்தவற்றில் டி.ஓ.ஐ.யும் ஒன்று. மூலக்கூறிலேயே அயோடின் இருப்பதால் கதிரியக்க அயோடினை அந்த இடத்தில் வைத்து, மூளையில் ஏற்பிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று வரைபடம் போடவும் முடிகிறது. இந்தத் துறைக்கு டி.ஓ.ஐ. ஓர் அளவுகோல். பல பத்தாண்டுகளாக நடந்த ஆய்வுகள் அதை வைத்தே அளந்திருக்கின்றன. அதைப் பிடுங்கினால் புதிய முடிவுகளைப் பழைய முடிவுகளோடு ஒப்பிடவே வழி குறைந்துவிடும்.

முதல் அட்டவணையில் ஏறிவிட்டால் என்ன ஆகும்? தனி உரிமம், பாதுகாப்புப் பெட்டகம், ஒவ்வொரு மில்லிகிராமுக்கும் பதிவேடு, சோதனைக்கு வரும் அதிகாரிகள், மாநில அரசின் அனுமதி வேறு. பெரிய பெயரும் பெரிய நிதியும் உள்ள ஆய்வுக்கூடம் இதைத் தாக்குப்பிடிக்கும். இப்போதுதான் சொந்தமாக ஆய்வுக்கூடம் தொடங்கியிருக்கும் இளம் விஞ்ஞானி என்ன செய்வார்? அனுமதிக்காக மாதக்கணக்கில் காத்திருப்பதற்குள் அவருடைய ஆராய்ச்சி நிதிக்கான காலம் முடிந்துவிடும். அவர் வேறு கேள்வியைத் தேடிப் போய்விடுவார். கேட்கப்படாமல் போன கேள்வி எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாது. அதிகாரிகளின் கணக்கில் இந்த இழப்புக்கு இடமே இல்லை.

இவர்களுக்கு இது புதிதும் அல்ல. 1985இல் எம்.டி.எம்.ஏ. என்ற பொருளை இதே முதல் அட்டவணையில் போட்டார்கள். அதன் சிகிச்சைப் பயனை வலியுறுத்திய மனநல மருத்துவர்கள் உள்ளிட்டோர் விசாரணை கேட்டுப் பெற்றிருந்தார்கள். 1986இல் நிர்வாக நீதிபதி, மூன்றாம் அட்டவணை போதும் என்று பரிந்துரைத்தார். தூக்கி எறிந்தார்கள். 1987இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அவர்கள் கையாண்ட வரையறை சட்டப்படி செல்லாது என்றது. 1988இல் காரணத்தை மாற்றி எழுதி, அதே அட்டவணையில் அதையே மீண்டும் வைத்தார்கள். அந்த ஆண்டே கஞ்சாவைக் கீழ் அட்டவணைக்கு மாற்றலாம் என்று அதே நீதிபதி சொன்னதும் குப்பைக்குப் போனது. எம்.டி.எம்.ஏ. சேர்த்த சிகிச்சை, பேரதிர்ச்சியால் மனம் சிதைந்தவர்களுக்கு உதவலாம் என்று மருந்து ஒழுங்குமுறை அமைப்பு தனிக் கவனம் அளித்தது 2017இல். முப்பது ஆண்டுகள் போய்விட்டன. அந்த ஆண்டுகளில் காத்திருந்து கெட்டவர்களுக்கு யார் பதில் சொல்வது?

2016 ஆகஸ்டில் கிராட்டம் இலைக்கு அவசரத் தடை என்றார்கள்; மக்கள் எதிர்த்ததும் அக்டோபரில் பின்வாங்கினார்கள். 2022 ஜனவரியில் டிரிப்டமின் வகை வேதிப்பொருள்கள் ஐந்தைப் பட்டியலிடப் போனார்கள். அந்த ஆண்டிலேயே அதையும் கைவிட்டார்கள். எதிர்ப்பு வந்தால் பின்வாங்குவது, ஓய்ந்தால் திரும்பி வருவது என்பதே இவர்களுடைய வழக்கம். ஆய்வு செய்ய வேண்டியவர்கள் வழக்கறிஞரைத் தேடி அலைகிறார்கள். அந்த அலைச்சலிலேயே களைத்துப் போவார்கள் என்று எதிர்பார்த்துக் காத்திருக்கும் அதிகாரம், மக்களின் நலனைக் காக்கிறேன் என்று சொல்லிக்கொள்ள அருகதையற்றது.

கடத்தலைப் பிடிப்பது அவர்கள் வேலை, அதைச் செய்யட்டும். ஒரு பொருள் ஆய்வுக்குத் தேவையா என்று தீர்மானிக்கிற இடத்தில், அதைக் கையில் எடுத்து வேலை செய்தவர்களின் சொல்லுக்கும் எடை இருக்கும்படி ஓர் ஏற்பாடு வந்தாக வேண்டும். அதன் வடிவத்தைச் சட்டம் இயற்றுபவர்கள் கூடிப் பேசட்டும். டி.ஓ.ஐ. மீதான முன்மொழிவை அதுவரை கிடப்பில் போடக்கூட வேண்டாம். இப்போதே அடியோடு திரும்பப் பெறட்டும்.