மரக்கப்பலும் மாணவர் கல்வியும்



நம் பள்ளியின் பரிசளிப்பு விழாவன்று மண்டபத்து மூலையில் இடப்பட்டிருந்த கண்காட்சி மேசையை உங்களுள் பலரும் கண்டிருப்பீர்கள். ஓவியங்களுக்கும் களிமண் உருவங்களுக்கும் இடையே, ஏறத்தாழ ஒரு முழ நீளத்தில், ஒற்றைப் பாய்மரத்துடன் ஒரு மரக்கப்பல் அங்கே நின்றது. அதன் இடப்பக்கப் பலகைகளுள் ஒன்று சற்றே மேடிட்டிருந்தது. பாய்மரமும் மயிரிழை சாய்ந்தே இருந்தது. ஐந்தாம் ஆண்டு, ஆறாம் ஆண்டு மாணவர் அறுவர் சனிக்கிழமைதோறும் காலையில் கூடி, ஏழு மாதங்கள் உழைத்துக் கட்டிய கப்பல் அது.

கண்டு மகிழ்ந்தோர் பலர். எனினும், ஒரு தந்தையார் நம்மை அணுகி, "விளையாட்டுச் சாமானுக்கு ஏழு மாதமா, ஐயா? அந்த நேரத்தில் கணக்குப் போட்டிருந்தால் நாலு புள்ளி கூடியிருக்குமே!" என்றார். அவர்மீது நமக்குச் சிறிதும் வருத்தமில்லை. பிள்ளையின் நலன் நாடும் பெற்றோர் எவரும் கேட்கக்கூடிய கேள்வியே அது. ஆயினும், விழாக் கூட்டத்தின் நடுவே ஒரு வரியில் விடை கூறத்தக்க கேள்வியன்று. ஆதலின் ஆண்டு மலரின் வாயிலாக விடை கூற விழைகின்றோம்.

முதலில், இம்மாதிரிக் கப்பல் யாதென அறிதல் வேண்டும். நகரத்துக் கடைகளில் இது ஒரு பெட்டியாகக் கிடைக்கின்றது. பெட்டியினுள் மெல்லிய ஒட்டுப்பலகையில் வெட்டப்பட்ட உறுப்புகளும், நீண்ட மரக்கீற்றுகளும், நூலும், பாய்த்துணியும், வரைபடமும் இருக்கும். கப்பலின் முதுகெலும்பாகிய அடிமரத்தை 'ஏரா' என்பது நம் தமிழ் வழக்கு. அதன்மேல் விலா எலும்புகளைப் போலக் குறுக்காக நிற்கும் சட்டங்களை 'வங்கு' என்பர். கூரிய முன்புறம் 'அணியம்' எனப்படும். ஏராவில் வங்குகளைப் பொருத்தி, அவற்றின்மேல் மரக்கீற்றுகளை ஒவ்வொன்றாக வளைத்து ஒட்டி உடலை மூட வேண்டும். சொல்வதற்கு எளிது, செய்வதற்கு அரிது!

அவ்வருமையை நாம் நேரில் உணர்ந்தோம். மாணவருக்குக் கற்பிக்கு முன் நாமே ஒன்றைக் கட்டிப் பார்ப்போம் எனத் துணிந்து, முதன்முறையாக ஒரு பெட்டி வாங்கினோம். அப்போது அகலக் கால் வைத்துவிட்டோம். மூன்று பாய்மரங்களும் வரிசை வரிசையாகப் பீரங்கிகளும் கொண்ட பெருங்கப்பலின் படமே நம் கண்ணைக் கவர்ந்தது. இங்கிலாந்து நாட்டில், 1765-ஆம் ஆண்டில் நீரில் இறக்கப்பட்டு, 1805-ஆம் ஆண்டு டிரபால்கர் கடற்போரில் நெல்சன் பிரபுவைத் தாங்கிய 'விக்டரி' என்னும் கப்பல் 104 பீரங்கிகளை உடையது. அத்தகைய கப்பலைத் தம் முதற் கப்பலாகத் தேர்ந்து, பாதியில் கைவிட்டு, பெட்டியை அலமாரியின்மேல் ஏற்றிவிடுவோர் உலகெங்கும் பலர். அவர்களுள் நாமும் ஒருவரானோம்.

நாம் செய்த பிழை யாது? வேலை விரைவில் முடிய வேண்டுமென்னும் ஆவலில், வலப்பக்கப் பலகைகள் அனைத்தையும் முதலில் ஒட்டி முடித்தோம். மறுநாள் காலையில் பார்த்தால், ஏரா வாழைப்பழம் போல் வளைந்து கிடந்தது! வளைத்து ஒட்டிய கீற்று ஒவ்வொன்றும் மீண்டும் நிமிரவே முயலும். அவ்விசை ஒரு பக்கத்தில் மட்டும் சேர்ந்தால் அடிமரம் கோணிவிடும். வலப்பக்கம் ஒரு பலகை ஒட்டினால் உடனே இடப்பக்கம் ஒன்று ஒட்ட வேண்டும் என்பது இத்தொழிலின் முதல் விதி. வரைபடத்துடன் வந்த குறிப்பிலும் அது அச்சிடப்பட்டிருந்தது. படிக்கச் சொல்லிப் பிறருக்கு உபதேசம் செய்யும் நாமே அதனைப் படிக்கத் தவறினோம். பதறாத காரியம் சிதறாது என்னும் பழமொழியை எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கின்றோம். அதன் பொருளை அன்றுதான் கற்றோம்.

அடுத்த முறை மாணவர் அறுவரையும் உடன் சேர்த்துக்கொண்டு, ஒற்றைப் பாய்மரச் சிறு மீன்பிடி படகொன்றைத் தேர்ந்தோம். அதன் அளவுத்திட்டம் 1:24. அஃதாவது, மாதிரியில் ஒரு சென்டிமீட்டர் மெய்யான படகில் 24 சென்டிமீட்டருக்குச் சமம். வகுப்பறையில் விகிதத்தைக் கற்பிக்க நாம் பட்ட பாடு பெரிது. இங்கோ, "நம் படகின் நீளம் 45 சென்டிமீட்டர் என்றால் நிஜப் படகு எவ்வளவு?" என்று கேட்டவுடன், கணக்கில் பின்தங்கிய மாணவனே முதலில் பெருக்கி, "பத்து மீட்டர் எண்பது சென்டிமீட்டர், ஐயா!" என்றான். பின்னர் அறுவரும் திடலுக்கு ஓடி, அந்நீளத்தை அடியிட்டு அளந்து நின்றனர்.

அதனினும் சிறந்த கணக்கு பலகை ஒட்டும்போது வந்தது. படகின் வயிறு பருத்தது, அணியமோ சிறுத்தது. நடுவங்கின் விளிம்பைக் காகித நாடாவால் அளந்தபோது 80 மில்லிமீட்டர் இருந்தது. பலகையின் அகலம் 4 மில்லிமீட்டர். ஆகவே ஒரு பக்கத்திற்கு 20 பலகைகள் வேண்டும். அணியத்திலோ 50 மில்லிமீட்டர் இடமே உண்டு. அதே 20 பலகைகளும் அங்கே சென்று முடிய வேண்டுமாயின், ஒவ்வொன்றும் முனையில் 2.5 மில்லிமீட்டராகக் குறுக வேண்டும். இக்கணக்கைப் போடாமல் ஒட்டினால் பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். தாளில் செய்த பிழையை ஆசிரியரின் சிவப்பு மை சுட்டுகின்றது. இங்கோ மரமே பிழையைச் சுட்டியது! விடைத்தாளில் மாணவன் பிழையைத் திருத்துவது ஆசிரியருக்காக. இங்கே திருத்துவது தன் படகிற்காக. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடே கல்வியின் உயிர் என்பது நம் துணிபு.

இனி, நம்மைப் பெரிதும் சிந்திக்க வைத்த ஒரு நிகழ்ச்சியைக் கூறுவோம். மூன்றாம் மாதத்தில் ஒரு மாணவன் சனிக்கிழமை வருவதை நிறுத்திவிட்டான். வீட்டிற்குச் சென்று கேட்டோம். அவன் தந்தையார் நம் தோட்டம் செம்பனைக்கு மாறும் முன் நெடுங்காலம் பால்மரம் வெட்டியவர். அவர் தம் இரு கைகளையும் விரித்துக் காட்டி, "ஐயா, கையால் செய்யும் வேலை எங்களோடு போகட்டும். பையன் பேனா பிடித்துப் பிழைக்கட்டும்" என்றார்.

அச்சொற்களின் பின்னே இருந்த வலியை நாம் அறிவோம். கூலி உழைப்பின் துன்பம் பிள்ளையைத் தொடரக் கூடாதென எண்ணுவது அறமே. ஆனால், கூலியின் குறைவையும் கைத்திறனின் உயர்வையும் நாம் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளலாகாது. பால்மரம் வெட்டுவோர் ஒவ்வொரு வெட்டிலும் சீவும் பட்டையின் கனம் ஒரு மில்லிமீட்டர் முதல் ஒன்றரை மில்லிமீட்டர் வரையே. ஆழம் குறைந்தால் பால் போதிய அளவு வாராது. ஆழம் மிகுந்தால் மரம் காயம்பட்டு, பின் வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாகிவிடும். விடியுமுன், நெற்றி விளக்கின் ஒளியில், நூற்றுக்கணக்கான மரங்களில் அவ்வளவைத் தவறவிடாத கை, கற்ற கையா, கல்லாத கையா? நம் படகின் பலகையின் கனமும் அதே ஒன்றரை மில்லிமீட்டர்தான்.

இதனை அவரிடம் கூறி, ஒரு முறை வந்து பார்க்குமாறு வேண்டினோம். அடுத்த சனிக்கிழமை மகனுடன் வந்தார். மாணவர் பலகையின் முனையைச் சீவத் திணறிக்கொண்டிருந்தனர். கத்தி மரத்தின் நாரோடு ஓடிப் பலகையைப் பிளந்தது. சற்று நேரம் பார்த்திருந்தவர், கத்தியை வாங்கி, நாரின் போக்கைத் தடவிப் பார்த்து, பலகையைத் திருப்பிப் பிடித்துச் சீவினார். சுருள் சுருளாகச் சீவல் விழுந்தது, பலகை பிளக்கவில்லை. "நாருக்கு எதிரே போகாதே தம்பி, அது போகும் பக்கமே கத்தியைச் சாய்த்துப் போ" என்றார். நம் பயிற்சிக் கல்லூரியில் எவரும் நமக்குச் சொல்லித் தராத பாடம் அது. அன்று தன் தந்தையை நோக்கிய அச்சிறுவனின் முகத்தை நாம் மறக்க இயலாது. எந்தத் தேர்வும் அப்பெருமிதத்தை அவனுக்கு அளித்ததில்லை.

நம் நாட்டிலேயே இதற்குப் பெருஞ்சான்று உண்டு. திரெங்கானு ஆற்றின் முகத்துவாரத்தில் அமைந்த டூயோங் தீவின் மலாய்த் தச்சர்கள், வரைபடம் ஏதுமின்றி, கண்ணளவாலும் கையளவாலும் பெருங்கலங்களைக் கட்டிப் புகழ் பெற்றவர்கள். செங்கால் என்னும் கடின மரப்பலகைகளை நெருப்பில் வாட்டி வளைப்பர். பலகைகளுக்கிடையே கெலாம் மரத்தின் பட்டையை வைத்து, மரமுளைகளால் இணைப்பர். நம் படகிற்கு முதலில் வங்கு, பிறகு பலகை. அவர்களுக்கோ முதலில் பலகை, பிறகே வங்கு! அத்தொழில் வல்லார் இன்று அருகி வருகின்றனர். கைத்திறனைத் தாழ்வென எண்ணும் தலைமுறை, நூற்றாண்டுகள் சேர்த்த அறிவை ஒரே தலைமுறையில் இழந்துவிடும்.

பாய்மரம் நட்ட அன்று ஒரு மாணவி, "ஐயா, என் கொள்ளுத்தாத்தா இந்த மாதிரிக் கப்பலில்தான் வந்தாரா?" எனக் கேட்டாள். "இல்லையம்மா, அது இரும்பாலாகிய நீராவிக் கப்பல்" என்று கூறி, 1926-ஆம் ஆண்டில் கட்டப்பட்ட 'ரஜுலா' கப்பலின் கதையைச் சொன்னோம். சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் ஆகிய துறைமுகங்களுக்கு அது நம் முன்னோரை ஏற்றி வந்தது. அவர்களுள் பெரும்பாலோர் மேல்தளத்தில் பாய் விரித்துப் பயணம் செய்தவர்கள். மறுவாரம் அறுவரும் தத்தம் வீட்டு முதியோரிடம் கப்பற்கதை கேட்டு வந்தனர். வரலாற்று நூல் செய்யாததை ஒரு சிறு மரப்படகு செய்தது.

வீட்டில் இம்முயற்சியைத் தொடங்க விரும்பும் பெற்றோருக்குச் சில சொல்வோம். முதற் கப்பல் சிறிதாக இருக்கட்டும். ஆழம் தெரியாமல் காலை விட வேண்டா. உறுப்புகளைப் பலகையிலிருந்து பிரிக்குமுன் ஒவ்வொன்றின்மீதும் பென்சிலால் எண்ணிடுக. ஒட்டுமுன் எல்லாவற்றையும் பசையின்றிப் பொருத்திப் பார்த்திடுக. மரக்கீற்றைச் சுடுநீரில் ஊறவைத்தால் முறியாமல் வளையும். பெரியவர்களே சுடுநீரைக் கையாள வேண்டும். விலையுயர்ந்த கருவிகள் வேண்டா. கூரிய கத்தி, இரும்பு அளவுகோல், மணல்தாள், வெள்ளைப் பசை, துணி கவ்விகள் ஆகியவை போதும். கத்தி எடுக்கும்போது பெரியவர் ஒருவர் அருகிருத்தல் வேண்டும். மணல்தாள் தேய்க்கும்போது மூக்கை மூடிக்கொள்ளுதல் நன்று. பெட்டி வாங்க வசதியில்லையேல் வருந்த வேண்டா. ஒட்டுப்பலகைத் துண்டிலும் மூங்கிற் கீற்றிலும் நல்ல படகு செய்யலாம்.

எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. பிள்ளையின் கப்பலை நீங்கள் கட்டி முடிக்காதீர்கள். கோணல் கண்டு கை துடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பெற்றோர் செய்து பிள்ளையின் பெயர் ஒட்டிய குற்றமற்ற கப்பலினும், பலகை மேடிட்ட அக்கப்பலே நமக்குப் பெரிது. அம்மேட்டைத் தடவி, "இங்கே நான் அவசரப்பட்டேன், ஐயா" என்று கூற அம்மாணவனால் முடிந்தது. தன் பிழை இருக்குமிடத்தைத் தானே அறிந்து கூறுபவன், எப்பாடத்திலும் தேறுவான்.

1988-ஆம் ஆண்டு தொடங்கிய யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. ஆயினும், புள்ளியைப் பற்றிய அச்சம் நம் இல்லங்களை விட்டு நீங்கவில்லை. புள்ளி வேண்டாவென நாம் கூறவில்லை. புள்ளியைப் பெறும் பொறுமை எங்கே விளைகின்றது என்றே கேட்கின்றோம். வாரத்திற்கு இரண்டு மணி நேரம் பிள்ளையின் கையில் மரத்தையும் மணல்தாளையும் கொடுங்கள். நீங்களும் அருகே அமருங்கள். உங்கள் கை அறிந்தது அவன் கைக்குச் செல்லட்டும்.

வரும் ஆண்டில் இரண்டாம் படகிற்கு ஏரா இடப்படும். சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பள்ளிக் கதவு திறந்திருக்கும். மாணவர்களோடு பெற்றோர்களையும் அன்புடன் வரவேற்கின்றோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!