விழாத கோலுக்கு யார் கணக்கு எழுதுவது?

"விளையாட்டுல சாதி ஏது, திறமைதானே பேசுது?" ஆண்டிமடம் பக்கம் காலனிப் பிள்ளைகளோடு வேலை செய்யும் எங்களிடம் இதைக் கேட்காதவர்கள் குறைவு. சரி, திறமையையே பேசுவோம். டாக்டர் தாலிமெரன் ஆவ் என்ற பெயரைக் கேட்டிருக்கிறீர்களா தோழர்களே?

நாகா மலையில் சாங்கி கிராமத்தில் 1918ல் பிறந்த பழங்குடி. 1943ல் கொல்கத்தாவின் மோகன் பகான் அணிக்கு வந்து, பிறகு அதன் கேப்டனும் ஆனார். தடுப்பு வரிசைக்கு முன்னால் நின்று எதிரணியின் பந்தை மறிப்பது அவர் வேலை. கோல் போட்டவன் பெயர் மறுநாள் பேப்பரில் வரும். விழாமல் போன கோலுக்குக் கணக்கே கிடையாது. துப்புரவு வேலையும் இப்படித்தான், நின்றுபோனால்தான் ஊருக்குத் தெரியும்.

1948 லண்டன் ஒலிம்பிக்கில் சுதந்திர இந்தியாவின் கொடியை ஏந்தி நடந்தவர் அவர். கால்பந்து அணிக்குக் கேப்டனும் அவரே. இரண்டு பெனால்டிகளை வீணடித்து பிரான்ஸிடம் 2-1 எனத் தோற்றோம். நம் ஆட்கள் பலர் வெறுங்காலோடு ஆடியதை இன்றைக்கும் சிலாகித்து எழுதுகிறார்கள். படித்தால் எங்களுக்கு எரிச்சல்தான் வருகிறது. பூட்ஸ் போடாதது அவர்கள் விருப்பமாகவே இருக்கட்டும். ஊர்த்தெரு வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்ட நம் தாத்தாக்களின் வெறுங்காலை எவன் சிலாகித்தான்?

அதே அணியில் ஆடிய சைலேன் மன்னாவுக்கு 1971ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். தகுதியானவர், அதில் நமக்கு வழக்கில்லை. ஆவ் 1998ல் இறந்தார். அவருக்குத் தபால் தலை வந்தது 2018ல்.

இன்னொன்று உண்டு, எங்களை விடாமல் உறுத்துவது அதுதான். மகன் டாக்டராக வேண்டும் என்பது டைபாய்டில் இறந்துபோன அப்பாவின் ஆசை. கொல்கத்தாவில் பந்தாடிக்கொண்டே மருத்துவம் படித்து முடித்தார், ஊர் திரும்பினார், நாகாலாந்து சுகாதாரத் துறையில் இயக்குநர் வரை உயர்ந்தார். காலனி ஆட்சியில் ஒரு மலைக்கிராமத்துப் பிள்ளைக்குத் திறந்த கதவு அது. நம் மாவட்டத்துக் குழுமூர் அனிதா பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 எடுத்தும் 2017ல் அந்தக் கதவு திறக்கவில்லை. மறித்தது நீட். அங்கே மட்டும் எந்தத் திறமை பேசியது?

ஆண்டிமடம் ஒன்றியத்தில் நம் பிள்ளைகள் யாரிடமும் கேட்காமல் இறங்கி ஆடக்கூடிய மைதானம் எத்தனை இருக்கிறது என்று ஊர் ஊராகக் கணக்கெடுக்கத் தொடங்கியிருக்கிறோம். கல்லூரி விடுமுறையில் ஆள் வேண்டும். நோட்டும் சைக்கிளும் இருந்தால் போதும், வந்து சேருங்கள்.