ரெனி நீக்கப்பட்டது யாருக்காக?

2023 ஜனவரி 16 அன்று டேவ் ரெனியைத் தேசிய அணியின் தலைமைப் பயிற்சியாளர் பொறுப்பிலிருந்து நீக்கிவிட்டு, அதே நாளில் எட்டி ஜோன்ஸை ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் அமர்த்திய ஆஸ்திரேலிய ரக்பி வாரியம், அந்த முடிவை எந்த அளவுகோலைக் கொண்டு எடுத்தது என்பதற்கு ஏற்கத்தக்க விளக்கம் எதையும் இன்றுவரை ரசிகர்களுக்கு அளிக்கவில்லை. பதினைந்து பேர் ஆடும் ரக்பி யூனியன் ஆட்டத்தில் அந்நாட்டுக்காகக் களமிறங்கும், வாலபீஸ் என்று அழைக்கப்படும் அணி, உலகக் கோப்பைக்கு எட்டே மாதங்கள் இருந்த நிலையில் இந்தத் தலைமை மாற்றத்துக்கு உள்ளாக்கப்பட்டது. அதன் விலை என்ன என்பது அனைவரும் அறிந்ததே. ஆயினும் பழங்கதை என்று அதை ஒதுக்கிவிட இயலாது. 2027 உலகக் கோப்பையைத் தன் மண்ணிலேயே நடத்தவிருக்கும் ஆஸ்திரேலியா, ஜோன்ஸுக்குப் பின் வந்த ஜோ ஷ்மிட்டிடமிருந்து லெஸ் கிஸ்ஸுக்கு 2026இன் நடுப்பகுதியில் பயிற்சியாளர் பொறுப்பு மாறும் என்று முன்கூட்டியே அறிவித்திருந்தாலும், பயிற்சியாளரை அமர்த்தவும் அகற்றவும் உரிய அதிகாரம் இன்னமும் அதே வாரியத்திடம், அதே நடைமுறைகளுடன் இருக்கிறது.

ரெனியின் கணக்கு குறையற்றது என்று அவருடைய ஆதரவாளர்கள்கூட வாதிட்டதில்லை. 34 டெஸ்டுகளில், அதாவது நாடுகளின் முதன்மை அணிகள் மோதும் ஆட்டங்களில், 13 மட்டுமே வெற்றியில் முடிந்தன. 2022ஆம் ஆண்டில் 14 ஆட்டங்களில் கிடைத்தவை 5. ஆனால் அந்த ஆண்டின் தோல்விகளை ஒவ்வொன்றாக எடுத்து நோக்குபவர்க்கு வேறொரு சித்திரம் தெரியும். நவம்பர் மாதத்தில் அடுத்தடுத்த மூன்று வாரங்களில் பிரான்சிடம் 29-30 என்றும், இத்தாலியிடம் 27-28 என்றும், அயர்லாந்திடம் 10-13 என்றும் அணி தோற்றது. மூன்று தோல்விகளையும் சேர்த்தால் மொத்த வித்தியாசம் ஐந்து புள்ளிகள். ஃபுளோரன்சில் இத்தாலிக்கு எதிரான ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் கேடர்ன் நெவில் டிரை எடுத்தார். பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் தரையில் அழுத்தி வைப்பதே டிரை, அதற்கு ஐந்து புள்ளிகள். அதைத் தொடரும் கன்வர்ஷன் என்னும் இரண்டு புள்ளி உதை, முதல் டெஸ்டை ஆடிய இளைஞரான பென் டொனால்ட்சனின் காலிலிருந்து கம்பத்துக்கு வெளியே சென்றது. இத்தாலியிடம் ஆஸ்திரேலியா அதற்கு முன் ஒருமுறைகூடத் தோற்றதில்லை என்பதால் அந்த ஒற்றை உதை வரலாற்று இழிவாகப் பதிவானது. அது கம்பங்களுக்கு நடுவே சென்றிருந்தால் வாரியத்தின் கோப்பில் ரெனிக்கு எதிராக வைக்க ஒரு பெரிய ஆவணம் குறைந்திருக்கும்.

செப்டம்பரில் மெல்போர்னில் நிகழ்ந்ததும் இதே தன்மையதே. நியூசிலாந்துக்கு எதிராக 37-34 என்று முன்னிலை பெற்று, ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கையில், தன் கோட்டுக்கு அருகில் பெனால்டி உதை பெற்ற அணிக்குப் பந்தை வெளியே உதைத்துவிடுவது மட்டுமே மீதமிருந்தது. பெர்னார்டு ஃபோலி உதைக்கத் தாமதித்தார் என்று கருதிய பிரெஞ்சு நடுவர் மாத்தியூ ரெய்னால் பந்தை எதிரணிக்கு வழங்கினார். மிக அரிதாகவே காணக்கூடிய அத்தீர்ப்பை அடுத்து ஜோர்டி பாரெட் டிரை எடுக்க, ஆட்டம் 37-39 என்று கைநழுவியது. அந்த ஆண்டின் கடைசி டெஸ்டில் கார்டிஃபில் 13-34 என்று பின்தங்கியிருந்த அதே அணி, வேல்ஸை 39-34 என்று வென்று திரும்பியது. பயிற்சியாளர் மீது நம்பிக்கையிழந்த வீரர்கள் அவ்வாறு ஆடுவதில்லை.

நீக்கப்பட்டவரின் இடத்துக்கு அழைத்துவரப்பட்டவரின் 2022 எப்படி இருந்தது என்பதே இவ்விவகாரத்தில் ரசிகர்களுக்குச் சினமூட்டும் முதன்மையான கேள்வி. ஜோன்ஸின் இங்கிலாந்து அதே ஆண்டில் 12 டெஸ்டுகளில் 5இல் மட்டுமே வென்றது. லண்டன் டுவிக்கனம் அரங்கில் சொந்த நாட்டு ரசிகர்களே கூச்சலிட்டு எதிர்ப்புத் தெரிவித்த நிலையில், டிசம்பர் 6 அன்று இங்கிலாந்து அவரை வெளியேற்றியது. ஆறு வாரங்கள் கழித்து, ஏறத்தாழ அதே விகிதத்தில் தோற்ற ஒருவருக்காக இன்னொருவர் அகற்றப்பட்டார். ஜோன்ஸ் திறமையற்றவர் என்பது இங்கு வாதமன்று. 2003இல் ஆஸ்திரேலியாவை உலகக் கோப்பை இறுதியாட்டம் வரை கொண்டுசென்றவரும், 2015இல் தென்னாப்பிரிக்காவை ஜப்பான் 34-32 என்று வீழ்த்தியபோது அந்த ஜப்பானின் பயிற்சியாளராக இருந்தவரும், 2019இல் இங்கிலாந்தை இறுதியாட்டத்தில் நிறுத்தியவரும் அவரே. எனினும் எட்டு மாத இடைவெளியில் ஓர் அணியைக் கலைத்துக் கட்டுவதற்கு அந்தப் புகழ் போதுமா என்ற கேள்வியை எழுப்பியிருக்க வேண்டிய வாரியம், அதை எழுப்பியதற்கான அடையாளம் எதுவும் இல்லை.

வாரியத்தை வேறொரு கணக்கு ஈர்த்தது. ஆஸ்திரேலியாவில் ரக்பி யூனியன் மூன்றாம் இடத்துக்காகப் போராடும் ஆட்டம். பதின்மூன்று பேர் ஆடும் ரக்பி லீக்கும், அந்நாட்டுக்கே உரிய ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தும் அரங்குகளையும் தொலைக்காட்சியையும் பள்ளி மைதானங்களையும் பங்குபோட்டுக்கொண்ட பின் எஞ்சியதைத்தான் அது பெறுகிறது. பிரித்தானிய, அயர்லாந்து வீரர்களின் கூட்டணியான லயன்ஸ் அணியின் 2025 சுற்றுப்பயணம், 2027 ஆடவர் உலகக் கோப்பை, 2029 மகளிர் உலகக் கோப்பை ஆகிய மூன்றும் வரிசையாக வரவிருந்ததால், வருங்கால வணிக வருவாயில் ஒரு பங்கைத் தனியார் முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றுப் பெருந்தொகையை முன்கூட்டியே பெறும் திட்டம் அப்போது வாரியத்தின் மேசையில் இருந்தது. நியூசிலாந்து 2022இல் அமெரிக்காவின் சில்வர் லேக் நிறுவனத்துடன் அத்தகைய உடன்பாட்டைச் செய்து முடித்திருந்தது. முதலீட்டாளர்முன் காட்டுவதற்கும், செய்தித்தாள்களின் முதல் பக்கத்தைக் கைப்பற்றுவதற்கும் ஒரு பெயர் தேவைப்பட்டது. அமைதியாகப் பணிசெய்த ரெனியின் பெயர் அதற்கு உதவாது. ஆட்டத்தை அறிந்தவர்கள் ஆட்டத்துக்காக எடுக்க வேண்டிய முடிவை, விற்பனைப் பிரிவின் கண்கொண்டு எடுத்ததே 2023 ஜனவரியின் அடிப்படைப் பிழை.

பிரான்சில் நடந்த 2023 உலகக் கோப்பையில் நிகழ்ந்ததை வாரியம் எதிர்பாராத விபத்தாகக் காட்ட முயல்வது பொருந்தாது. அறிகுறிகள் ஒவ்வொன்றும் முன்னதாகவே தென்பட்டன. பிரிட்டோரியாவில் 12-43, மெல்போர்னில் 7-38, பாரிஸில் 17-41 என்று உலகக் கோப்பைக்கு முந்தைய மாதங்களே தோல்விகளால் நிரம்பின. நீண்டகாலத் தலைவரான மைக்கேல் ஹூப்பரும், அனுபவமிக்க ஃபிளை-ஹாஃப் குவேட் கூப்பரும் உலகக் கோப்பைக் குழுவில் இடம்பெறவில்லை. அணியின் தாக்குதலை வழிநடத்தும் அந்த ஃபிளை-ஹாஃப் பொறுப்பு, 22 வயதான கார்ட்டர் கார்டனின் தோள்களில் ஏற்றப்பட்டது. தாக்குதல் பயிற்சியாளர் பிராட் டேவிஸ் புறப்பாட்டுக்குச் சற்றுமுன் விலகினார். செயிண்ட் எட்டியனில் ஃபிஜியிடம் 15-22 என்று, 1954க்குப் பின் முதன்முறையாக, அணி தோற்றது. ஒரு வாரம் கழித்து லியோனில் வேல்ஸ் 40-6 என்று நசுக்கியபோது, அரங்கின் பெருந்திரையில் ஜோன்ஸின் முகம் தோன்றிய வேளையில் மஞ்சள் உடையணிந்த ஆஸ்திரேலிய ரசிகர்களே கூச்சலிட்டனர். உலகக் கோப்பை வரலாற்றில் முதன்முறையாக ஆஸ்திரேலியா பிரிவுச் சுற்றோடு வெளியேறியது. ஆடிய 9 டெஸ்டுகளில் 2 வெற்றிகளோடு ஜோன்ஸ் அக்டோபர் இறுதியில் விலகினார். அவர் ஜப்பானிய அணியின் பதவிக்காகப் பேச்சு நடத்தினார் என்ற செய்தி போட்டியின் நடுவிலேயே வெளிவந்தபோது அதை மறுத்தவர், டிசம்பரில் அதே பதவியை ஏற்றார். அவர் எங்குச் சென்றார் என்பது அவருடைய உரிமை. ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் நான்காண்டுகளுக்கு மேல் மீதமிருக்கையில் அவர் அவ்வளவு எளிதாக வெளியேற முடிந்தது எப்படி என்பதற்கு ஒப்பந்தத்தை எழுதியவர்களே பதில் கூற வேண்டும்.

இந்த வாரியத்தின் நாற்காலிகளில் ஆட்கள் மாறியிருக்கலாம், பழக்கம் மாறவில்லை. 2017இல் சூப்பர் ரக்பி எனப்படும், நாடுகளைக் கடந்த கழக அணிகளின் போட்டியிலிருந்து ஓர் ஆஸ்திரேலிய அணியைக் குறைக்க வேண்டும் என்ற நிலை வந்தபோது, மேற்குக் கடற்கரையில் தனித்து நின்று ஆட்டத்தை வளர்த்துவந்த பெர்த்தின் வெஸ்டர்ன் ஃபோர்ஸ் அணி வெட்டப்பட்டு, மெல்போர்ன் ரெபெல்ஸ் காக்கப்பட்டது. பெர்த்தின் ரசிகர்கள் வீதிக்கு வந்தனர், நாடாளுமன்றத்தின் செனட் குழு விசாரணை நடத்தியது, வாரியம் அசையவில்லை. ஏழு ஆண்டுகள் கழித்து, 2 கோடியே 30 லட்சம் டாலருக்கும் மேற்பட்ட கடனில் மூழ்கிய அதே ரெபெல்ஸ் அணி 2024இல் மூடப்பட்டது. வெட்டப்பட்ட ஃபோர்ஸோ ஒரு செல்வந்தரின் ஆதரவால் மீண்டுவந்து இன்று ஆடிக்கொண்டிருக்கிறது. எந்த அணியைக் காப்பதற்காக ஒரு நகரத்தின் நெஞ்சில் மிதித்தார்களோ, அந்த அணியையும் அவர்களால் காக்க முடியவில்லை. வாலபீஸ் வீரரான இஸ்ரேல் ஃபோலாவின் விவகாரத்திலும் இதே அவசரம்: 2018இலேயே அவருடைய சமூக ஊடகப் பதிவு பெரும் சர்ச்சையை எழுப்பிய பின்னும், அவர் ஈர்க்கும் கூட்டத்தை மனத்தில் கொண்டு பெருந்தொகை ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது; 2019இல் அதே வகைப் பதிவுக்காக அவர் நீக்கப்பட்டார்; வழக்கு ஆண்டிறுதியில் சமரசத்தில் முடிந்தது.

ஜோன்ஸை அமர்த்திய இரண்டு மாதங்களில், ரக்பி லீக்கில் ஆடிக்கொண்டிருந்த 19 வயது ஜோசப் சுவாலியை ஆண்டுக்கு ஏறத்தாழ 16 லட்சம் டாலர் என்று கூறப்பட்ட தொகைக்கு வாரியம் ஒப்பந்தம் செய்தது. அந்த இளைஞரின் ஆற்றல் ஐயத்துக்கு இடமற்றது. 2024 நவம்பரில் டுவிக்கனத்தில் இங்கிலாந்தை 42-37 என்று வென்ற ஆட்டத்தில் அவருடைய அறிமுகமே அதற்குச் சான்று. ஆயினும், பள்ளி மாணவராக ரக்பி யூனியனிலும் ஆடி வளர்ந்த ஒருவரை உரிய காலத்தில் தக்கவைத்துக்கொள்ளத் தவறிவிட்டு, பின்னர் பெருவிலை கொடுத்து வாங்கிவந்து அதையே சாதனையாக அறிவிப்பது எவ்வகை நிர்வாகம்? தனியார் முதலீட்டுத் திட்டமோ கைவிடப்பட்டு, அதன் இடத்தில் 8 கோடி டாலர் கடன் வசதி பெறப்பட்டது. 2024ஆம் ஆண்டின் கணக்கு 3 கோடியே 68 லட்சம் டாலர் பற்றாக்குறையைக் காட்டியது. வணிகத்தின் பெயரால் ஆட்டத்தைப் பலிகொடுத்தவர்கள் வணிகத்திலும் வெல்லவில்லை என்பதை இதைவிடத் தெளிவாக எந்த எதிர்ப்பாளரும் நிறுவ முடியாது.

வணிகமே கூடாது என்று கூறும் ரசிகர்களின் நிலைப்பாடு நடைமுறைக்கு ஒவ்வாதது. 1995இல் ரக்பி யூனியன் தொழில்முறை ஆட்டமாக அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து வீரர்களின் ஊதியம் ஒளிபரப்பு உரிமையிலிருந்தும் விளம்பரதாரர்களிடமிருந்துமே வருகிறது. பயிற்சியாளர் ஆஸ்திரேலியராக இருக்க வேண்டுமா, நியூசிலாந்தில் பிறந்தவர் ஆகலாமா என்று நடக்கும் நெடிய விவாதமும் முதன்மையானதன்று. அந்த விவாதம் ஓயாமல் நடப்பதால் பயனடைபவர்கள் நியமனத்தைச் செய்தவர்களே, ஏனெனில் கடவுச்சீட்டைப் பற்றிய பேச்சு நீளும்வரை, தேர்வு எவ்வாறு நடந்தது என்று அவர்களிடம் எவரும் கேட்பதில்லை. நியூசிலாந்திலிருந்து வந்த ஷ்மிட்டின் கீழ் 2025 ஆகஸ்டில் ஜோகன்னஸ்பர்க்கின் எல்லிஸ் பார்க்கில் 0-22 என்று பின்தங்கி, 38-22 என்று தென்னாப்பிரிக்காவை அணி வென்றது; 1963க்குப் பின் அந்த மைதானத்தில் ஆஸ்திரேலியாவுக்குக் கிட்டாத வெற்றி அது. அவசரமின்றி, விளம்பரமின்றி பணிசெய்ய விடப்பட்ட ஒரு பயிற்சியாளர் என்ன தர முடியும் என்பதற்கு அந்த மாலை போதிய சான்று. ரெனிக்கு அந்த அவகாசம் மறுக்கப்பட்டது.

2023இன் முடிவை முன்னின்று எடுத்த வாரியத் தலைவர் அதே ஆண்டு நவம்பரில் மாநில அமைப்புகளின் அழுத்தத்தால் பதவியிழந்தார். அவரோடு கையொப்பமிட்ட வாரியம் மொத்தமும் அப்பொறுப்பை ஏற்றிருக்க வேண்டும். இனி வரும் நியமனங்களில் ஆட்டத்தை அறிந்தவர்களின் குரல் விற்பனையாளர்களின் குரலுக்கு முன்னே ஒலிக்க வேண்டும். கழகங்களுக்கும் மாநிலங்களுக்கும் பள்ளிகளுக்கும் தேர்வில் உரிய இடம் தரப்பட வேண்டும். காரணங்கள் பொதுவில் வைக்கப்பட வேண்டும். கிஸ்ஸின் அணி முதல் சில டெஸ்டுகளில் தோற்றால் இதே மேசையைச் சுற்றி இதே பேச்சு மீண்டும் எழும்; 2027 அக்டோபருக்கு எத்தனை மாதங்கள் இருக்கின்றன என்று எண்ணிக்கொண்டு, விலைபோகக்கூடிய இன்னொரு பெயரைத் தேடி எவராவது தொலைபேசியை எடுத்தால், அந்தக் கையைப் பிடித்து நிறுத்தும் துணிவு வாரியத்தில் ஒருவருக்கேனும் இருந்தாக வேண்டும்.