விழுந்த வீடு எழும்ப உறுதி வேண்டும்



இம்முறை தலையங்கத்தை யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இருந்து எழுதுகிறோம். டித்வா புயலுக்குப் பிறகு எமது தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அரிசி, போர்வை, கொப்பி, சப்பாத்து என்று சேர்த்து லொறியில் ஏற்றிவிட்ட குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. தைப்பொங்கல் லீவில் அவர்களை நேரில் கண்டு நன்றி சொல்லிவிட்டு வருவோம் என்று சங்கத்திலிருந்து ஐந்து பேர் வந்தோம். நன்றி சொல்ல வந்த இடத்தில் ஒரு பாடம் படித்தோம்.

நாம் தங்கியது ஒரு கமக்காரர் வீட்டில். நாலு பரப்புக் காணி, நல்ல செம்மண். வாசலில் வேம்பும் முருங்கையும், பின்வளவு முழுக்கக் கதலியும் கப்பலும் இதரையும். நடுவே கிணறு. வேலிக்குக் கிளுவையும் பூவரசும். எழுபது வயது தாண்டிய அந்த ஐயா விடியற்காலையில் எழுந்து வாழைக்குத் தண்ணீர் கட்டுகிறார். "வடிவான வீடு, ஐயா" என்றோம். சிரித்தார்.

"இது மூண்டாவது வீடு மாஸ்டர். முதல் வீட்டைச் சண்டை கொண்டு போச்சு. இரண்டாவதை நிஷா கொண்டு போச்சு. நிலம் மட்டும் ஒருக்காலும் போகேல்லை."

நிஷா வந்தது 2008 நவம்பர் கடைசியில். அப்போது அவர்களுக்கு இருந்தது மண் சுவரும் பனையோலைக் கூரையுமான வீடு. இரவு முழுக்க மழை. விடிய முதலே வளவுக்குள் வெள்ளம் ஏறிவிட்டது. அந்த வெள்ளம் வற்றாமல் நிற்க, சுவர்கள் அடியில் கரைந்து ஒன்றன்பின் ஒன்றாக இருந்துவிட்டன. குலை தள்ளி நின்ற வாழைகள் எல்லாம் காற்றுக்குச் சரிந்தன. வெங்காயம் அழுகியது. எது போனதுதான் பெரிய கவலை என்று அந்த வீட்டு அம்மாவைக் கேட்டோம். அவர் வெங்காயத்தையும் சொல்லவில்லை, வாழையையும் சொல்லவில்லை. "திண்ணை" என்றார். பின்னேரத்தில் இருந்து தோட்டத்தைப் பார்க்கிற திண்ணை. மூத்த மகளுக்கு ஏடு தொடக்கியதும் அந்தத் திண்ணையில்தான்.

யுத்த காலம். ஏ9 வீதி 2006 ஓகஸ்டிலேயே மூடிவிட்டார்கள். சீமெந்து கப்பலில் வர வேண்டும். வந்தாலும் வாங்கக்கூடிய விலை இல்லை. அப்படியிருந்தும் வெள்ளம் வடிந்த அதே கிழமையில் ஐயா வளவின் மேட்டுப் பக்கத்தில் நாலு கப்பு நட்டார். ஒழுங்கையில் இருந்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் கிடுகு கொண்டுவந்து வேய்ந்து கொடுத்தார்கள். சரிந்த வாழையின் கிழங்கு சாகவில்லை. அதிலிருந்து குட்டிகள் வெடித்தன. அந்த வாழை காய்த்துத்தான் வீட்டுச் செலவு ஓடியது. பாதை திறந்து சீமெந்து விலை இறங்கிய பிறகு, காணி உறுதியை வங்கியில் ஈடு வைத்துக் கடன் எடுத்து, கல்லால் அத்திவாரம் போட்டார். கடன் கட்டி முடிய ஏழு வருடம் எடுத்ததாம். திண்ணையை அம்மா கேட்ட இடத்திலேயே கட்டியிருக்கிறார்கள்.

நாம் கேட்டோம்: "கப்பு நட முதல் யாரிடமும் அனுமதி கேட்டீர்களா?"

அவருக்குக் கேள்வி விளங்கவில்லை. "என்ர காணியில கப்பு நட ஆரைக் கேக்கிறது?" என்றார்.

தோழர்களே, அந்தக் கேள்வி அவருக்கு ஏன் விளங்கவில்லை என்பது நமக்கு விளங்கும். லயத்துக் கூரையில் ஓட்டைத் தகரத்தை மாற்றுவதற்கும், குசினியை இரண்டு அடி தள்ளிக் கட்டுவதற்கும் தோட்டத்து ஒப்பீஸ் வாசலில் நின்றவர்கள் நாம்.

இப்போது எமது மலைக்கு வருவோம். 2025 நவம்பர் 27, 28 ஆம் திகதிகளில் டித்வா இலங்கையைத் தாக்கியபோது அதன் கோரம் மிகக் கடுமையாக விழுந்த இடங்களில் மலையகமும் ஒன்று. கண்டி, நுவரெலியா, பதுளை, மாத்தளை என்று மலை மலையாக மண் சரிந்தது. நாடு முழுவதிலும் அறுநூறுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பலரின் உடல்கூடக் கிடைக்கவில்லை. நாம் படிப்பிக்கிற பள்ளிக்கூடமே முகாமானது. காலையில் இடாப்புக் கூப்பிடுகிற வகுப்பறையில் இரவில் குடும்பக் கணக்கு எடுத்தோம்.

அந்த நாட்களில் ஒரு பேச்சு எம் காதில் விழுந்தது: "போனது லயம்தானே, பழைய லயம்தானே" என்று. சொன்னவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அது சரியான பேச்சு அல்ல. முகாமில் எம்மிடம் ஒரு தாய் சொன்னார்: "சார், காம்பரா போனா போவட்டும். கோடியில நாலு பாத்தி லீக்ஸ் போட்டிருந்தேன். பசு மாடு சினையா இருந்துச்சு. மாமியார் வச்ச பேரிக்கா மரம் ஒன்னு நின்னுச்சு. அதெல்லாம் எந்த லிஸ்ட்ல சார் எழுதுவீங்க?"

எழுத இடம் இல்லைதான். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா என்று ஊர் சொல்கிற இடத்தில் நாம் மூன்று தலைமுறை வாழ்ந்திருக்கிறோம். கொழுந்து எடுத்து வந்த கையோடு மண்வெட்டி பிடித்து, கல்லும் சரிவுமான மூலையைத் தோட்டமாக்கியிருக்கிறோம். வாசலில் ரோசாவும் டேலியாவும் வைத்திருக்கிறோம். கொக்குவில் அம்மாவுக்குத் திண்ணை எப்படியோ, அந்தத் தாய்க்குப் பேரிக்காய் மரம் அப்படி. நேசித்து வாழ்ந்த வீட்டை இழந்த துக்கம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். வித்தியாசம் அடுத்த நாளில் தொடங்குகிறது. கொக்குவிலில் அதே கிழமை கப்பு நட்டார்கள். நமது தாய் இன்னும் முகாமில் இருக்கிறார். அவர் சோம்பேறியா? இல்லை. கப்பு நட அவருக்கு ஓர் அடி நிலம் இல்லை.

இது நேற்று வந்த குறை அல்ல. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. "எச்சரித்தும் ஏன் போகவில்லை?" என்று அன்று தொலைக்காட்சியில் கேட்டார்கள். போகச் சொன்னவர்கள், எங்கே போவது என்று காட்டவில்லை. தப்பியவர்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலையில் இரண்டு வருடத்துக்குக் கிட்டக் காத்திருந்த பிறகுதான் பூனாகலையில் வீடு கிடைத்தது. டித்வா வருவதற்கு 11 வருடம் முன்பே நமக்குப் பாடம் நடந்துவிட்டது. படிக்க வேண்டியவர்கள் படிக்கவில்லை.

நமது வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது 1823 என்று தொடங்குகிறோம். 2023 இல் 200 வருடம் நிறைந்தபோது எம்மவர்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை, மூதாதையர் நடந்த அதே பாதையில் நடந்தார்கள். 1948 இல் பறித்த பிரஜாவுரிமையை முழுமையாகப் பெற 2003 வரை போராடினோம். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992 இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. நிலத்தின் சொந்தக்காரர் அரசு, குத்தகைக்காரர் கம்பனி. அதில் வேர்வை சிந்தியவருக்கு என்ன பெயர்? வசிப்பவர். அவ்வளவுதான்.

தனி வீட்டுத் திட்டங்கள் வந்தன; நல்லது. ஆனால் வீட்டுக்கு 7 பேர்ச்சஸ் என்றார்கள், பிறகு 10 என்றார்கள். கொக்குவிலில் ஒரு பரப்பு என்பது 10 பேர்ச்சஸ். அந்த ஐயாவின் வளவு நாலு பரப்பு, அதாவது 40 பேர்ச்சஸ். அந்த இடம் இருந்தபடியால்தான் வெள்ளம் வந்தபோது மேட்டுப் பக்கத்துக்குத் தள்ளிக் கப்பு நட முடிந்தது. மிச்சத்தில் வாழை காய்த்து வீட்டைத் தாங்கியது. 7 பேர்ச்சஸில் வீட்டைக் கட்டினால் மாட்டை எங்கே கட்டுவது? மலையக அமைப்புகள் 20 பேர்ச்சஸ் கேட்பது பேராசையால் அல்ல.

டித்வாவுக்குப் பிறகு, வீட்டை முற்றாக இழந்தவர்களுக்கு வீடு கட்ட 50 இலட்சம் ரூபாவும், காணி இல்லாதவர்களுக்குக் காணி வாங்க 50 இலட்சம் ரூபா வரையும் வழங்கப்படும் என்று ஜனாதிபதி பாராளுமன்றத்தில் அறிவித்தார். இதை நாம் வரவேற்கிறோம். ஆனால் முகாமில் விபரம் நிரப்பும்போது "வீடு யாருடையது?" என்ற கேள்விக்கு வந்ததும் எமது பேனா நின்றது. ஒரே காம்பராவில் மூன்று குடும்பம் இருந்தால் அது எத்தனை வீடு? காணி வாங்கலாம் என்றால், சுற்றிவர எல்லாம் தோட்டக் காணியாக உள்ள இடத்தில் யாரிடம் வாங்குவது? விடை எழுதப்படாத வரை, அறிவிப்பு பத்திரிகையில் இருக்கும். நாம் முகாமில் இருப்போம்.

"மலையில் ஆபத்து, வடக்குக்கு வந்துவிடுங்கள், காணி தருகிறோம்" என்ற அழைப்பும் இப்போது கேட்கிறது. கொக்குவிலில் நாம் கண்ட அன்பை வைத்துச் சொல்கிறோம், அந்த அழைப்பில் பாசம் இருக்கிறது. போக விரும்புகிற குடும்பத்தை யாரும் தடுக்கக்கூடாது. ஆனால் 1958 இலும் 1977 இலும் அடிபட்டு வன்னிக்குப் போன நம்மவர்களை நினைத்துப் பாருங்கள். காடு வெட்டிக் கழனியாக்கியவர்களில் பலர், பேரப்பிள்ளை காலம் வரை காணிப் பத்திரத்துக்கு அலைந்தார்கள். மலையோ வன்னியோ, கையில் உறுதி இல்லாவிட்டால் நாம் வசிப்பவர்தான்.

உறுதி இருந்தால் எல்லாம் சரியாகிவிடுமா என்றும் சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. வலிகாமம் வடக்கில் உறுதி வைத்திருந்தவர்களே 1990 முதல் பல்லாண்டுகள் சொந்த நிலத்தில் கால் வைக்க முடியாமல் இருந்தார்கள். இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. ஆனால் 2013 இல் காணி சுவீகரிப்புக்கு எதிராக அவர்கள் நீதிமன்றம் போனபோது கையில் கொண்டுபோனது அந்த உறுதியைத்தான். உறுதி மழையை நிறுத்தாது. ஆனால் விழுந்த பிறகு எழும்ப ஒரு பிடி கொடுக்கும்.

ஆகவே எமது சங்கம் நான்கு விடயங்களை முன்வைக்கிறது. ஒன்று, கொடுக்கிற நிலம் பாதுகாப்பானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும். மண் சரிகிற சரிவுக்கு உறுதி எழுதித் தந்து பயனில்லை. இரண்டு, குடும்பத்துக்கு 20 பேர்ச்சஸ். வீட்டோடு தோட்டமும் வேண்டும். மூன்று, வங்கியும் நீதிமன்றமும் ஏற்கிற முழுமையான காணி உறுதி; அது கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருக்க வேண்டும். கணவன் இல்லாத இடத்தில் பெண்ணின் பெயரிலேயே இருக்க வேண்டும். நான்கு, காம்பராவைக் கணக்கெடுக்காமல் குடும்பத்தைக் கணக்கெடுக்க வேண்டும்.

கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாது. ஒவ்வொரு தோட்டத்திலும் தலைவரும் மாதர் சங்கத் தலைவியும் இந்த மாதத்துக்குள் ஒரு பட்டியல் எழுதுங்கள். யார் யார் இருந்தார்கள், எந்த லயம், எத்தனை குடும்பம், என்ன போனது. மாடு, பாத்தி, மரம் உட்பட. படம் இருந்தால் சேர்த்து வையுங்கள். ஒரு பிரதி கிராம சேவகருக்கு, ஒரு பிரதி பிரதேச செயலகத்துக்கு, ஒன்று சங்கத்துக்கு. கையளித்த திகதியை எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். வாசிக்கத் தெரியாத தாளில் கையொப்பம் வைக்காதீர்கள். பிள்ளையிடமோ எங்களிடமோ கொடுத்து வாசிக்கக் கேளுங்கள். இன்னும் லயத்தில் இருப்பவர்கள் சுவரில், நிலத்தில் புது வெடிப்பு, சாய்கிற மரம், திடீரெனக் கலங்குகிற ஊற்று ஆகியவற்றைக் கண்டால், மழை விடும்வரை பொறுக்காமல் உடனே பிள்ளைகளோடு வெளியேறுங்கள். பேர் போடாவிட்டால் பரவாயில்லை. ஒரு நாள் சம்பளத்தைப் பிறகு பேசிக்கொள்வோம்.

புறப்படும்போது ஐயா ஒரு பழைய பிஸ்கட் தகரத்தைத் திறந்து காட்டினார். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமமே எழும்பி இரவோடிரவாக நடந்தபோது, அரிசிப் பையை வழியில் வைத்துவிட்டு அந்தத் தகரத்தை நெஞ்சோடு கொண்டுபோனாராம். உள்ளே மஞ்சளாகிப் போன உறுதி. அப்பாவின் பெயர், தாத்தாவின் பெயர், எல்லையில் நின்ற பனையின் கணக்குக்கூட இருக்கிறது. பிறகு எங்களுக்கு இதரை வாழைக்குட்டி ஐந்து கிண்டிச் சாக்கில் கட்டித் தந்தார். "மலையில வருமோ தெரியாது, வைச்சுப் பாருங்கோ மாஸ்டர்" என்றார்.

அந்தக் குட்டிகளை இப்போதைக்குப் பள்ளிக்கூட வேலியோரம் வைக்கப்போகிறோம். அந்த முகாமில் உள்ள தாய்க்குச் சொந்தமாக நிலம் கிடைக்கிற அன்று, அதில் ஒன்றைக் கிண்டி அவர் வாசலில் நடுவோம். பேரிக்காய்க் கன்று ஒன்றும் சேர்த்து நடுவோம். அந்த நாளை மனு எழுதியும் பேசியும், தேவைப்பட்டால் வீதியில் இறங்கியும் நாம்தான் கிட்டக் கொண்டுவர வேண்டும்.