கல் இழுத்த தோள்கள்

இங்கிலாந்து நாட்டிலே, சாலிஸ்பரி சமவெளியிலே, வட்டமிட்டு நிற்கின்றன நெடிய கற்கள். ஸ்டோன்ஹெஞ்ச் என்று பெயர். ஜூன் 21-ஐ ஒட்டிய மிக நீண்ட பகலன்று, நடுவிலே நின்று வடகிழக்கே நோக்கினால், வெளியே தனித்து நிற்கும் கல்லின் பக்கமாக எழுகிறது ஞாயிறு. டிசம்பரில், மிகக் குறுகிய பகலன்று, நேர் எதிர்த்திசையிலே மறைகிறது.

யார் செய்த வேலை இது? விடையளிக்க முன்வந்தனர் விற்பன்னர்கள்! மெர்லின் எனும் மந்திரவாதி அயர்லாந்திலிருந்து கொண்டுவந்தான் என்று 12-ஆம் நூற்றாண்டிலே எழுதினார் மான்மத் ஊர் ஜெப்ரி. இல்லை, இல்லை, துரூயிது புரோகிதர்களின் கோயில் என்றார் 18-ஆம் நூற்றாண்டின் ஸ்டூக்லி. அந்தப் புரோகிதர்களைப் பற்றி எந்த ஏட்டிலும் ஒரு வரி எழுதப்படுவதற்கு 2,000 ஆண்டுகளுக்கு முன்பே நின்றுவிட்டன கற்கள்! மந்திரவாதிக்கு மாலை, புரோகிதருக்குப் பூச்செண்டு; முதுகொடிய இழுத்தவனுக்கு?

நாம் கற்களையே கேட்போம். பெருங்கல் ஒன்று சராசரி 25 டன். ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வெஸ்ட் உட்ஸ் காட்டுப் பகுதியிலிருந்து பெரும்பாலானவை வந்தன என்று 2020-லே ஆய்வாளர் காட்டினர். சிறிய நீலக்கற்களோ, வேல்ஸ் நாட்டு மலையிலிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேல் வந்தவை. கி.மு. 2500-ஐ ஒட்டிய காலம். இரும்பு இல்லை, எழுத்து இல்லை. இழுத்தது தோள், செதுக்கியது கல்லாலான சுத்தி. மேலே படுத்திருக்கும் கல் நழுவாதிருக்க, நிற்கும் கல்லின் தலையிலே முளை, படுத்த கல்லின் அடியிலே குழி. தச்சன் மரத்திலே செய்யும் பொருத்து, கல்லிலே! மெர்லினுக்கு எதற்கய்யா முளையும் குழியும்? மந்திரம் ஒன்று சொன்னால் ஒட்டிக்கொள்ளாதோ?

ஞாயிறு திரும்பும் நாளை அறியப் பல்லாண்டு பார்த்துக் குறி வைத்திருக்க வேண்டும். மாடும் பன்றியும் வளர்த்துப் பிழைத்தவனுக்குக் குளிர் எப்போது விலகும் என்பது வயிற்றுக் கேள்வி அல்லவா! மறைநூல் புரட்டியா அறிந்தான்? வெட்டவெளியிலே நின்று, கண்ணால் கண்டு அறிந்தான்.

3 கிலோமீட்டர் தள்ளி, டரிங்டன் வால்ஸ் என்னுமிடத்திலே, அதே காலத்து வீடுகள் தோண்டி எடுக்கப்பட்டன. கல் நட்டவர்கள் தங்கிய ஊராக இருக்கலாம் என்கின்றனர் ஆய்வாளர். தரை இருந்தது, அடுப்பு இருந்தது, குளிர்காலத்து விருந்திலே தின்று போட்ட பன்றி எலும்புகள் குவியலாக இருந்தன. கல் வட்டத்தைச் சுற்றிய பள்ளத்திலே, மண் தோண்டத் தேய்ந்த மான்கொம்புகள்கூடக் கிடைத்துவிட்டன. மந்திரக்கோல் ஒன்றுதான் இன்னும் கிடைக்கவில்லை!