பயணத் துணை: பாரம் சுமக்கும் சக்கரங்கள்

கோடை விடுமுறை நெருங்கிவிட்டது. பள்ளித் தேர்வுகள் முடியுமுன்னரே நம் சங்கத்தைச் சேர்ந்த இல்லங்களில் ஊர்ப் பயணத்தைப் பற்றிய பேச்சுத் தொடங்கிவிடும். முன்னெல்லாம் இரயிலில் இடம் கிடைத்ததா என்பதே முதற் கேள்வியாக இருந்தது. இப்பொழுதோ, சொந்த வண்டியிலேயே நாகபுரியிலிருந்து மதுரைக்கும் நெல்லைக்கும் புறப்பட்டுவிடும் குடும்பங்கள் பெருகியிருக்கின்றன. ஏழு பேர் அமரும் வண்டியில் ஏழு பேரும் அமர்ந்து, மேற்கூரையில் பெட்டிகளை ஏற்றிக் கட்டி, ஆதிலாபாத், ஐதராபாத், கர்நூல், பெங்களூர் வழியாக ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர் செல்கிறார்கள். திரும்பி வரும்போது அரிசி மூட்டையும் புளியும் ஊறுகாய் ஜாடிகளும் சேர்ந்துகொள்ளுகின்றன. போகும்போது இருந்த பாரத்தைக் காட்டிலும் வரும்போது உள்ள பாரமே மிகுதி என்பது நாம் யாவரும் அறிந்த உண்மை.

இவ்வளவு பாரத்தையும் தாங்குபவை நான்கு டயர்கள். ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் இடம் நம் உள்ளங்கையைவிடச் சற்றே பெரிது, அவ்வளவுதான். "வண்டிக்குப் புது டயர் போடவேண்டியிருக்கிறது, எதைப் பார்த்து வாங்குவது?" என்று அன்பர் ஒருவர் சென்ற கூட்டத்தின்போது என்னைக் கேட்டார். அக்கேள்விக்கு விடை கூறும் தகுதி எனக்கு எவ்வாறு வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது பெருமைக்குரிய வரலாறு அன்று.

2019-ஆம் ஆண்டு மே மாதம், உறவினர் வீட்டுத் திருமணத்திற்காகக் குடும்பத்துடன் புறப்பட்டோம். பின்சக்கரங்களின் டயர்கள் தேய்ந்திருந்தன. புறப்படுவதற்கு முதல்நாள் மாலை, அவசர அவசரமாக ஒரு கடைக்குச் சென்றேன். விலை குறைவாக இரண்டு டயர்களை எடுத்துக் காட்டினார்கள். பள்ளங்கள் ஆழமாக இருந்தன. கறுப்பு நிறம் பளபளத்தது. தரையில் ஒரு மீட்டர் கூட ஓடாதவை. மகிழ்ச்சியுடன் வாங்கிப் பூட்டிக்கொண்டேன். மறுநாள் நண்பகல் ஆதிலாபாத்தைக் கடந்து நிர்மல் நோக்கிச் சென்றுகொண்டிருந்தபோது, இடப் பின்சக்கரம் பெரும் ஓசையுடன் வெடித்தது. வண்டி இருமுறை நெளிந்து, சாலை நடுவிலிருந்த அரளிச் செடிகளின்மேல் ஏறி நின்றது. இறைவன் அருளால் உயிர்ச்சேதம் இல்லை. பின்னிருக்கையில் அமர்ந்திருந்த என் தாயாரின் வலக்கை மணிக்கட்டு முறிந்தது.

உதவிக்கு வந்த பஞ்சர் கடை இளைஞன், கிழிந்து தொங்கிய டயரைப் புரட்டிப் பார்த்து, அதன் பக்கவாட்டில் இருந்த நான்கு எண்களைச் சுட்டிக் காட்டினான். 2213 என்றிருந்தது. "ஐயா, இது 2013-இல் செய்த டயர், ஆறு வருஷம் எங்கேயோ கிடந்திருக்கிறது" என்று இந்தியில் சொன்னான். 'புதியது' என்று நான் எண்ணி வாங்கியது, ஓடாமலே முதுமையடைந்த டயர். கடைக்காரர் மறைத்தது ஒரு பங்கு பிழை என்றால், கேட்காமல் வாங்கிய என் பிழை மூன்று பங்கு. அன்றுமுதல் இத்துறையை ஓரளவு கற்றுக்கொண்டேன். கற்றவற்றுள் முதன்மையானவற்றை இங்கே வரிசைப்படுத்துகிறேன்.

முதலாவது, வயது. டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்திற்குள் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் இரண்டு, ஆண்டின் எத்தனையாவது வாரம் என்பதையும், பின் இரண்டு, ஆண்டையும் குறிக்கும். 3524 என்றிருந்தால் 2024-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். 2000-ஆம் ஆண்டுக்கு முற்பட்டவற்றில் மூன்றே இலக்கங்கள் இருந்தன. சில டயர்களில் இவ்வெண் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். அப்பக்கம் உட்புறமாகப் பூட்டப்பட்டுவிட்டால் பிறகு குனிந்து தேடவேண்டியதுதான். ஆகவே பூட்டுவதற்கு முன்பே பார்த்துவிடவேண்டும். ரப்பர் வெயிலாலும் காற்றிலுள்ள ஆக்சிஜனாலும் நாளடைவில் இறுகி, நுண்ணிய வெடிப்புகள் காணும். ஓடினாலும் முதுமை உண்டு. ஓடாமல் கிடந்தாலும் முதுமை உண்டு. ஐந்து ஆண்டு கடந்த டயரை ஆண்டுதோறும் சோதிக்கவேண்டும் என்றும், பத்து ஆண்டு கடந்ததைப் பள்ளம் மீதமிருந்தாலும் கழித்துவிடவேண்டும் என்றும் டயர் செய்வோர் பலர் கூறுகின்றனர். கார் செய்வோருள் சிலர் ஆறு ஆண்டையே எல்லையாக வைக்கின்றனர். மே மாதத்தில் 45 பாகை வெயிலைக் காணும் இவ்விதர்ப்ப நாட்டில் வாழும் நமக்கு, ஆறு ஆண்டு என்பதே தக்க எல்லை என்பது என் கருத்து. வாங்கும்போது ஓராண்டுக்கு உட்பட்டதாகக் கேட்டு வாங்குங்கள். கேட்பதற்கு வெட்கம் வேண்டா.

இரண்டாவது, சுமைத்திறன். டயரின்மேல் 205/65 R15 94S என்பது போல ஒரு தொடர் காணப்படும். 205 என்பது அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பது. R என்பது ரேடியல் அமைப்பு. 15 என்பது சக்கரத்தின் விட்டம், அங்குலத்தில். இவற்றைக் கடைக்காரர் பார்த்துக்கொள்வார். நாம் கவனிக்கவேண்டியது இறுதியில் உள்ள 94S. 94 என்ற குறியெண்ணுக்கு அந்த ஒரு டயர் 670 கிலோ தாங்கும் என்பது பொருள். 91 என்றால் 615 கிலோ. 88 என்றால் 560 கிலோ. S என்பது மணிக்கு 180 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும் என்பதைக் குறிப்பது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வண்டியின் எடை 1,700 கிலோ, ஏழு பேரின் எடை 450 கிலோ, பெட்டிகளும் மூட்டைகளும் 150 கிலோ என்று கொண்டால், மொத்தம் 2,300 கிலோ. இதை நான்கால் வகுத்து 575 என்று மனநிறைவு கொள்ளலாகாது. பின்வரிசையில் ஆட்களும் அவர்களுக்குப் பின்னால் மூட்டைகளும் இருப்பதால், நூற்றுக்கு 55 பங்கு பின்சக்கரங்களின்மேல் விழுவதாகக் கொள்ளுவோம். அப்படியாயின் பின் டயர் ஒவ்வொன்றும் 632 கிலோ சுமக்கிறது. 94 குறியெண் உள்ள டயர் இதைத் தாங்கும்; மிச்சம் 38 கிலோதான். 91 குறியெண் உள்ளதோ, அளவில் பொருந்தி, பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தும், தாங்காது. விலை சில நூறு ரூபாய் குறைகிறதென்று குறியெண் குறைந்த டயரை ஏற்றுக்கொள்ளுதல், உயிரை அடகு வைத்துக் காசு சேர்ப்பதற்கு ஒப்பாகும். வண்டியுடன் வந்த கையேட்டில் உள்ள குறியெண்ணுக்குக் குறையாதிருத்தல் வேண்டும், கூடினால் குற்றமில்லை.

அமெரிக்க நாட்டில், படுக்கையும் அடுப்பும் கொண்ட ஒரு சிறு வீட்டையே காரின் பின்னால் இழுத்துக்கொண்டு சுற்றுலாச் செல்வோர் பலர் உளர். அவ்விழுவை வண்டிகளுக்கென்றே பக்கச் சுவர் தடித்த தனிவகை டயர்கள் அங்கே விற்கப்படுகின்றன. அவ்வண்டி ஆண்டில் பெரும்பகுதி கொல்லையில் நின்று, சில வாரங்கள் மட்டும் முழுப் பாரத்துடன் ஓடும். ஆகவே அனுபவமுடையோர் பள்ளம் தேயும்வரை காத்திராமல், வயதைப் பார்த்தே டயரை மாற்றுகின்றனர். ஆண்டு முழுவதும் அலுவலகத்திற்கும் கடைத்தெருவிற்கும் மட்டும் சென்று, மே மாதத்தில் திடீரென்று முழுப் பாரம் ஏற்றப்படும் நம் வண்டிகளின் நிலையும் ஏறக்குறைய அதுவே அல்லவா?

மூன்றாவது, காற்று. மேற்சொன்ன சுமைத்திறன் யாவும், உரிய காற்றழுத்தம் இருந்தால் மட்டுமே மெய்யாகும். காற்றுக் குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மிகுதியாக மடங்கி நிமிர்கிறது. அதனால் உள்ளே வெப்பம் பெருகுகிறது. வெப்பம் மிகும்போது ரப்பரும் அதனுள் இருக்கும் எஃகு இழைப் பட்டைகளும் ஒன்றையொன்று விட்டுப் பிரியத் தொடங்குகின்றன. பாரமும் வேகமும் வெயிலும் சேர்ந்துவிட்டால் முடிவு வெடிப்புத்தான். 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 இலட்சம் டயர்களைத் திரும்பப் பெற நேர்ந்ததை அன்பர்கள் சிலர் நினைவுகூரலாம். அங்கே மேற்புறப் பட்டை கழன்று, ஃபோர்டு எக்ஸ்புளோரர் வண்டிகள் பல கவிழ்ந்தன. டயரின் அமைப்பில் இருந்த குறையோடு, குறைந்த காற்றழுத்தமும், வெப்பமும், பாரமும் அதற்குக் காரணங்களாகப் பேசப்பட்டன. அதன்பின் இயற்றப்பட்ட சட்டத்தின் பயனாகவே, காற்றுக் குறைந்தால் விளக்கு எரிந்து எச்சரிக்கும் கருவி அந்நாட்டுப் புதுக் கார்களில் கட்டாயமாயிற்று.

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், தூணில் ஒட்டப்பட்ட சிறு தாளில் காற்றழுத்த அளவு அச்சிடப்பட்டிருக்கும். பல வண்டிகளில் இரண்டு அளவுகள் இருக்கும். ஒன்று இரண்டு மூன்று பேர் செல்வதற்கு, மற்றொன்று முழுப் பாரத்திற்கு. நாம் ஊருக்குச் செல்லும்போது இரண்டாவதையே கொள்ளவேண்டும். டயரின்மேல் பொறித்திருப்பது பெரும எல்லை. அது நமக்குரிய அளவு அன்று. காலையில், வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்கவேண்டும். நண்பகலில் அளந்தால் நான்கைந்து பவுண்டு கூடுதலாகக் காட்டும். அதைக் கண்டு அஞ்சிக் காற்றை இறக்கிவிடுவோர் உண்டு. அது பெரும் தவறு. வெயிலால் கூடும் அழுத்தத்திற்கு டயர் இடம் கொடுத்தே செய்யப்பட்டிருக்கிறது. நைட்ரஜன் அடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புவோருக்கு ஒரு சொல்: நாம் மூச்சுவிடும் காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான். எதை அடைத்தாலும் அளவு சரியாக இருக்கவேண்டும்.

நான்காவது, பள்ளத்தின் ஆழம். கார்களுக்கு 1.6 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என்பது நம் நாட்டு மோட்டார் வாகன விதி. பள்ளங்களின் இடையே சிறு மேடுகளாக அடையாளம் இருக்கும்; தேய்மானம் அம்மேட்டைத் தொட்டுவிட்டால் டயரின் காலம் முடிந்தது. ஆயினும் நாம் மே மாதத்தில் போய் ஜூன் மாதத்தில் திரும்புகிறோம். போகும்போது வெயில், வரும்போது தெலுங்கானாவில் மழை பிடித்துக்கொள்ளும். தேய்ந்த பள்ளங்கள் நீரை வெளியேற்றமாட்டா. வண்டி நீரின்மேல் மிதந்து செல்லும். ஆகவே 3 மில்லிமீட்டர் இருக்கும்போதே மாற்றிவிடுவது அறிவுடைமை. மும்பைக்குச் செல்லும் சம்ருத்தி விரைவுச் சாலையில், 2023-ஆம் ஆண்டு, தேய்ந்த டயருடன் வந்த வண்டிகளை நுழைவாயிலிலேயே சோதித்துத் திருப்பி அனுப்பினார்கள். எல்லாச் சாலைகளிலும் நம்மைத் தடுத்து நிறுத்துவார் இரார். நாமே நம்மைத் தடுத்துக்கொள்ளவேண்டும்.

இரண்டு டயர் மட்டும் மாற்றுவோர் புதியவற்றை எங்கே பூட்டுவது? ஸ்டியரிங் முன்சக்கரத்தில் இருப்பதால் அங்கேதான் என்று பலர் எண்ணுகின்றனர். பின்சக்கரங்களில் பூட்டுவதே முறை. முன்சக்கரம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்து ஓரளவு சமாளிக்கலாம். பின்சக்கரம் வழுக்கினால் வண்டி பம்பரம்போல் சுழன்றுவிடும். ஓர் அச்சின் இரு பக்கத்திலும் ஒரே அளவும் ஒரே வகையுமான டயர்கள் இருத்தல் வேண்டும்.

கடையில் கவனிக்கவேண்டியவை சில. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பழைய டயரில் புதுப் பள்ளம் வெட்டி விற்போரும் உளர். டயரின் எண்ணைக் குறிப்பிட்டு இரசீது கேளுங்கள். காற்று வால்வையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். சக்கரச் சமநிலையும் நேர்நிலையும் சரிபார்க்கச் செய்யுங்கள். இவை எல்லாவற்றையும் பயணத்திற்கு இரண்டு வாரம் முன்னரே முடித்து, ஊருக்குள் சிறிது ஓட்டிப் பார்த்துவிடுங்கள். குறை ஏதேனும் இருந்தால் வீட்டு வாசலிலேயே தெரிந்துவிடும். மாற்றுச் சக்கரத்தையும் மறவாதீர்கள். வண்டி வாங்கிய நாள்முதல் அது இருட்டிலேயே கிடந்து, வண்டியின் வயதையே தானும் அடைந்திருக்கும். 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், டியூப் இல்லாத டயரும், காற்றழுத்தம் காட்டும் கருவியும், பழுதுபார்க்கும் பெட்டியும் உள்ள கார்களில் மாற்றுச் சக்கரம் இல்லாமலும் இருக்கலாம். அத்தகைய வண்டி உடையோர் அப்பெட்டியைத் திறந்து, பயன்படுத்தும் முறையைப் படித்துவைத்துக்கொள்ளவேண்டும்.

பாரத்தைக் குறைப்பதும் ஒரு பாதுகாப்பே. கூரையின்மேல் ஏற்றும் மூட்டை ஒவ்வொன்றும் வண்டியைத் தள்ளாடச் செய்யும். அரிசி இந்நகரிலும் கிடைக்கிறது. அப்படியும் அம்மா கட்டிக் கொடுத்ததை மறுக்க முடியாதென்றால், ஒரு பகுதியைப் பார்சலில் அனுப்பிவிடலாம்.

என் தாயாரின் மணிக்கட்டு கூடிவிட்டது. ஆனால் முழுவதும் மடங்குவதில்லை. மார்கழியில் இருபத்தொரு புள்ளிக் கோலம் போட்டவர், இப்போது ஐந்து புள்ளியோடு நிறுத்திக்கொள்கிறார். ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை. வாசலில் அச்சிறு கோலத்தைக் காணும்போதெல்லாம், அன்று மாலை கடையில் நான் மிச்சம் பிடித்த தொகை எனக்கு நினைவுக்கு வருகிறது.

அன்பர்கள் யாவரும் பத்திரமாகப் போய், பத்திரமாகத் திரும்புவீர்களாக. நீண்ட பயணத்தில் முதியோருக்கும் குழந்தைகளுக்கும் ஏற்ற உணவைப் பற்றி அடுத்த இதழில் பேசுவோம்.