பிரேக் பிடிக்கவும் ஒரு சோதனை வேண்டும்

ஆர்டிஓ ஆபீசில் தேர்வுத் தேதி கிடைத்ததும் என்னிடம் வருகிற பெண்கள் பெரும்பாலும் ஒன்றைத்தான் கேட்கிறார்கள்: "எட்டு மட்டும் போடச் சொல்லிக் குடுங்கக்கா, மத்ததைப் பெறகு பாத்துக்கலாம்." மதுரையில் பெண்களுக்கு இருசக்கர வாகனம் ஓட்டக் கற்றுத்தருவது என் தொழில். அவர்கள் கேட்பதில் தப்பே இல்லை. நம் பக்கம் டூவீலர் லைசென்ஸ் என்றாலே எட்டுதான். தரையில் போட்ட தடத்துக்குள் காலை ஊன்றாமல் சுற்றி வந்துவிட்டால், பிரேக் இன்ஸ்பெக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார். தேர்வில் என்ன கேட்பார்களோ அதைத்தான் யாரும் படிப்பார்கள். ஆகவே என் வாதம் படிப்பவர்களோடு இல்லை, கேள்வித்தாளோடு.

எட்டை நான் குறைத்துப் பேசவில்லை. நடக்கிற வேகத்தில் வண்டியை விழாமல் திருப்புவது பெரிய வேலை. மாசி வீதிகளில் ஒரு மாலை நேரம் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். எட்டு வராமல் திணறுகிறவர்கள் அநேகமாக முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டுவார்கள். வளைவு முடிகிற இடத்தைத் தலையைத் திருப்பிப் பார்க்கச் சொன்னால் போதும், கை தானாக ஹேண்டில்பாரைத் திருப்பும். ஆக்சிலரேட்டரைக் கூட்டிக் குறைக்காமல் ஒரே அளவில் வைத்து, பின்பிரேக்கை லேசாகத் தொட்டுக்கொண்டே வேகத்தை அடக்க வேண்டும். கியர் வண்டியானால் முதல் கியரில் ஹாஃப் கிளட்ச். ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன்பிரேக்கைச் சட்டென்று பிடித்தால் வண்டி உள்பக்கம் சாயும், கால் தரைக்குப் போகும், தேர்வு போச்சு. அதனால் எட்டு பழகுகிற எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது, வலது கை விரல்களை முன்பிரேக் லீவரிலிருந்து எடுத்துவிடுங்கள் என்பதுதான்.

என் கவலையும் இங்கேதான் தொடங்குகிறது. எட்டுக்குத் தயாராகும் ஒரு பெண் வாரக்கணக்கில் முன்பிரேக்கைத் தொடாமல் பழகுகிறாள். லைசென்ஸ் வாங்கி ரிங் ரோட்டுக்குப் போகிறாள். முன்னால் போகிற ஷேர் ஆட்டோ ஆள் ஏற்ற நடுரோட்டில் நிற்கிறது. அந்த நொடியில் அவள் கை எதைப் பிடிக்கும்? பழகியதைத்தான் பிடிக்கும். பின்பிரேக்கை முழு பலத்தோடு அழுத்துவாள், பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும்.

வண்டி வேகம் குறையும்போது அதன் பாரமும் ஓட்டுபவரின் பாரமும் முன்னால் சாய்கின்றன. முன்டயர் ரோட்டை அழுத்திப் பிடிக்கிறது, பின்டயர் லேசாகிறது. அதனால் நேராகப் போகும்போது வண்டியை நிறுத்துகிற வலு பெரும்பாலும் முன்பிரேக்கில்தான் இருக்கிறது. மணிக்கு 40 கிலோமீட்டரில் போனால் ஒரு நொடிக்குச் சுமார் 11 மீட்டர் ஓடுகிறோம். ஆபத்தைப் பார்த்து லீவரைத் தொடுவதற்குள்ளேயே அந்த 11 மீட்டர் போய்விடும். வேகம் இரட்டித்தால் பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் நான்கு மடங்காகும். இதையெல்லாம் எட்டு சொல்லித் தராது.

வீட்டிலும் சொல்லித் தருவதில்லை. அப்பாவோ அண்ணனோ கணவரோ சொல்லி அனுப்பும் முதல் பாடம், "முன்பிரேக்கைப் பிடிச்சா தூக்கி அடிச்சிரும்" என்பதுதான். பயத்துக்குக் காரணம் இருக்கிறது. மணலில், ஈரத்தில், வளைவில் அதைச் சுண்டி இழுத்தால் விழத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பயத்தை மட்டும் கொடுத்து, பிடிக்கும் விதத்தைச் சொல்லாமல் ஒரு பெண்ணை ரோட்டில் விடுவது அநியாயம். லீவரை எலுமிச்சம்பழம் பிழிவதுபோல் மெல்லத் தொடங்கி, போகப்போக அழுத்தம் கூட்ட வேண்டும். ஹேண்டில் நேராக இருக்க வேண்டும், இரண்டு பிரேக்கும் சேர்ந்து விழ வேண்டும், கண் தூரத்தில் இருக்க வேண்டும். 20 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கி மெதுவாக 30, 40 என்று ஏற்றினால் பயம் தானாகக் கழன்றுவிடும். என்னிடம் வரும் பூக்கடை அம்மா ஒருவர், முன்பிரேக்கில் வண்டி சொன்ன இடத்தில் நின்றதைப் பார்த்துவிட்டு, "இத்தனை நாளா இதை யாரும் சொல்லலையே தாயி" என்றார். வீட்டுக்காரரின் வண்டியில் பல வருஷமாகப் பின்னால் உட்கார்ந்து போனவர் அவர்.

ஸ்கூட்டியிலிருந்து கியர் வண்டிக்கு மாறுகிறவர்களுக்கு இன்னொரு கண்ணி இருக்கிறது. ஸ்கூட்டியில் இடதுகை லீவர் பின்பிரேக், கியர் வண்டியில் அதே இடத்தில் கிளட்ச். பதறும்போது பழைய வழக்கத்தில் இடதுகையை இறுக்கினால் வண்டி நிற்காது, இன்ஜின் பிடியும் விட்டுப்போய் தாராளமாக உருளும். இதை மைதானத்திலேயே ஒருமுறை அனுபவித்துவிட வேண்டும்.

சட்டம் இதையெல்லாம் யோசிக்காமல் இல்லை. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15ஆவது விதியைப் படித்துப் பாருங்கள். எல்.எல்.ஆர். வாங்கி 30 நாள் ஆன பிறகே தேர்வுக்கு வரலாம் என்று சொல்லும் அதே விதி, தேர்வில் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று நீளமாகப் பட்டியல் போடுகிறது. கண்ணாடியைப் பார்த்துவிட்டுத் திரும்புவது, ஏற்றத்தில் பின்னால் உருளாமல் வண்டியை எடுப்பது, பாதசாரிகள் கடக்கும் இடத்தில் சரியாக நடந்துகொள்வது, அவசரத்தில் வண்டியை நிறுத்துவது எல்லாம் அதில் உண்டு; நடைமுறையில்தான் எட்டோடு முடிந்துவிடுகிறது. பிரிட்டனில் 2009லிருந்து நடக்கும் மைதானத் தேர்வில் எட்டும் உண்டு, குறைந்தது 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து அவசர நிறுத்தமும் உண்டு. சிங்கப்பூரிலும் எட்டோடு சேர்த்து அவசர பிரேக்கைச் சோதிக்கிறார்கள். அங்கே லைசென்ஸ் எடுத்த நம் தமிழ்ப் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள்.

புது வண்டிகள் பாதுகாப்பாகத்தானே வருகின்றன என்று கேட்கிறார்கள். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம். 125 சிசியும் அதற்குக் கீழும் உள்ளவற்றில், ஒரு பிரேக்கைப் பிடித்தால் மற்றதும் சேர்ந்து பிடிக்கும் சிபிஎஸ்ஸாவது இருக்க வேண்டும் என்று அப்போது விதித்தார்கள். நல்ல சட்டம், வரவேற்கிறேன். ஆனால் என்னிடம் பழக வருபவர்கள் கொண்டுவருவது அண்ணன் விட்டுப்போன பழைய வண்டி, சித்தப்பாவின் எக்ஸ்எல். லீவரைப் பிடிக்கவே பயப்படுகிற கைக்கு எந்தப் புது வசதியும் உதவாது.

2018 பிப்ரவரியில் தொடங்கிய அம்மா இருசக்கர வாகனத் திட்டம், வேலைக்குப் போகும் பெண்களுக்கு வண்டி விலையில் பாதியை, 25,000 ரூபாய் வரை, மானியமாகத் தந்தது. அந்தத் திட்டத்தால் வண்டிப் பக்கமே வராதவர்கள்கூடப் புடவையைச் செருகிக்கொண்டு மைதானத்துக்கு வந்தார்கள். பஸ்ஸுக்குக் காத்திருந்த காலம் போய், மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு நேரத்துக்கு வேலைக்குப் போனார்கள். அப்படிப்பட்டவர்களைத்தான் நாம் அரைகுறைப் பயிற்சியோடு ரோட்டில் விடுகிறோம். 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்றும், அதில் 44.5 சதவீதம் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள் என்றும் மத்திய அரசின் அறிக்கையே சொல்கிறது. அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு, 64,105 விபத்துகள். இந்தக் கணக்கைப் படித்த பிறகும் எட்டு ஒன்றே போதும் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

தேர்வுக்குத் தயாராகும் தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன். முதல் நாளிலிருந்தே ஹெல்மெட் போட்டுப் பழகுங்கள். ஹெல்மெட்டுக்குள் சத்தம் வேறு மாதிரி கேட்கும், பக்கத்துப் பார்வை குறையும், தலையை இன்னும் கொஞ்சம் அதிகமாகத் திருப்ப வேண்டியிருக்கும். தேர்வன்று மட்டும் இரவல் ஹெல்மெட்டோடு போனால் நன்றாக வந்த எட்டும் கெட்டுப்போகும். துப்பட்டாவை முடிந்துகொள்ளுங்கள். எந்த வண்டியில் தேர்வுக்குப் போகிறீர்களோ அதே வண்டியில் பழகுங்கள், ஒவ்வொரு வண்டியின் பிரேக்கும் ஒவ்வொரு இடத்தில் பிடிக்கும். ஒவ்வொரு நாளும் பயிற்சி முடியும்போது கடைசியாக நேர்கோட்டில் சில தடவை பிரேக் பிடித்துவிட்டு இறங்குங்கள்.

அரசிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. எட்டு போட்டு முடித்தவரை அப்படியே நேராக விட்டு, 30 கிலோமீட்டர் வேகத்தில் வரச்சொல்லி, ஆய்வாளர் கொடி காட்டியதும் கோட்டுக்கு முன் நிறுத்தச் சொல்லலாம். வேண்டியது கொஞ்சம் நீளமான தளமும் ஒரு சுண்ணாம்புக் கோடும். வரிசை நீளும், ஆய்வாளர்கள் குறைவு என்று சொல்வார்கள். ஒருவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. இடம் இல்லாத அலுவலகங்கள் முதலில் வாரத்தில் ஒரு நாள் பக்கத்துப் பள்ளி மைதானத்தைக் கேட்டுப் பெறட்டும். அதுவரை ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளும் என்னைப் போன்றவர்களும் அரசாணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. நிறுத்தத் தெரியாத யாரையும் தேர்வுக்கு அனுப்புவதில்லை என்று நாங்களே முடிவெடுக்கலாம்.